ஆரஞ்சு பூசு படலம்

இப்படலம் என் நுதலிற்றோ எனின், 1972-ஆம் ஆண்டுக் கார்வெட் கார் ஒன்றின் எஞ்சினுக்கு வீட்டிலேயே மறுபடி பெயின்ட் அடிக்கும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. படலம் என்பது காப்பியத்தின் பிரிவுக்கும் பெயர். ஒரு பரப்பின்மேல் படிந்த மெல்லிய தோலுக்கும் பெயர். இங்கே இரண்டு பொருளும் கொள்க.

ஆய்வு நிகழ்ந்த இடம் மிச்சிகன் மாநிலத்தில் என் மகன் வீட்டுக் கராஜ். பேரனைப் பார்க்கப் போன ஆறு மாதத்தில், பேரன் பள்ளிக்கூடம் போய்விடும் பகல் பொழுதெல்லாம் எனக்கு அங்கேதான் ஒரு மடக்கு நாற்காலி. ஆய்வாளன் தகுதியையும் சொல்லிவிட வேண்டும்: முப்பத்திரண்டு ஆண்டு தமிழாசிரியன், கார் ஓட்டத் தெரியாது.

எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றிச் சிறிது. கார்வெட் என்பது செவர்லே நிறுவனம் 1953 முதல் செய்துவரும் ஸ்போர்ட்ஸ் கார். 1972-இல் அதில் 27,004 கார்கள் செய்தார்களாம். மகன் வாங்கியிருப்பது அவற்றில் ஒன்று. மேலுடம்பு ஃபைபர் கிளாஸ், ஆகவே துரு பிடிக்காது. உள்ளே இருப்பது இரும்பு, ஆகவே பிடிக்கும். எட்டு சிலிண்டர், 5.7 லிட்டர் எஞ்சின். ஃப்ளின்ட் நகரத்து ஆலையில் பிறந்தபோது அதன் நிறம் ஆரஞ்சு. நான் பார்த்தபோது நம்மூர்ப் பரோட்டாக் கடைக் கல்லின் அடிப்பாகம்.

ஏன் ஆரஞ்சு? சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்பதுபோல், அந்நாள் அமெரிக்கக் கார்க் குலங்களுக்கு எஞ்சின் நிறம். செவர்லேக்கு ஆரஞ்சு. ஃபோர்டு 1966 முதல் நீலம். மாற்றி அடித்தால் பகையரசன் மாலையைச் சூடிக்கொண்டு போருக்குப் போன கதைதான். இத்தாலியில் இது இலக்கணத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. 1956-இல் ஃபெராரி தன் பந்தயக் காரின் எஞ்சின் தலைமூடிகளுக்குச் சிவப்பு அடித்தது. காருக்கே 'டெஸ்டா ரோஸா', அதாவது செந்தலை, என்று பெயர் ஆயிற்று. மூடியின் நிறம் முழுக்காருக்குப் பெயரானதால் இது ஆகுபெயர். சினையாகுபெயரா பண்பாகுபெயரா என்று மகனிடம் கேட்டேன். "அப்பா, அந்த ஸ்பானரை எடுங்க" என்றான்.

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது. பிரைமர் இல்லாத பெயின்ட் பெயின்டாகாது. ஆனால் பிரைமருக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதுதான் முக்கால் வேலை. வாடகைக்கு எடுத்த கிரேனில் எஞ்சினை வெளியே தூக்கி, ஒரு தாங்கியில் பொருத்தி, அரை நூற்றாண்டு எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினான். ஐந்து நாள். எண்ணெய்ப் பசை விரல் ரேகை அளவு மிஞ்சியிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் தோலுரியும். ஆறாம் நாள் என் மனைவி காபி கொண்டுவந்து எஞ்சின்மேல் கை வைத்தாள். அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி துடைக்கப்பட்டது.

எஞ்சினை ஒரே நிலமாகக் கருதுவது பிழை. உயரத்தில் இருக்கும் வால்வு கவர் குறிஞ்சி. எண்ணெய் தேங்கும் அடிச்சட்டி மருதம். தண்ணீர் ஓடும் ரேடியேட்டர் நெய்தல். இதற்குக் கறுப்பை மிக மெல்லிசாகத்தான் அடிக்க வேண்டும், தடித்தால் சூடு வெளியேறாது. முல்லைக்கு எதைச் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பொறுத்திருந்து பார்க்கலாம், அதுவே முல்லையின் உரிப்பொருள். பாலை மட்டும் ஐயமின்றி விளங்கிற்று. எரிந்த புகை வெளியேறும் மேனிஃபோல்டு. பாலை தனி நிலம் அன்று, வெயிலால் திரிந்த நிலம். இதுவும் அதே வார்ப்பிரும்புதான், நெருப்பால் திரிந்தது. சாதாரண எஞ்சின் பெயின்ட் முந்நூறு டிகிரி செல்சியசைக் காணுமுன்பே கருகிவிடும். மேனிஃபோல்டு அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். எனவே அதற்கென்று வேறு பெயின்ட், இரும்புச் சாம்பல் நிறத்தில்.

அந்தப் பெயின்டை அடித்தால் மட்டும் போதாது, வேகவைக்க வேண்டும். டப்பாவில் போட்டிருந்த கணக்கு: 121 டிகிரியில் அரை மணி, ஆறவிட்டு 204 டிகிரியில் அரை மணி, மறுபடி ஆறவிட்டு 316 டிகிரியில் அரை மணி. மருமகள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் மேனிஃபோல்டை அவனில் வைத்தான். (முதல் அவன் மகன், இரண்டாவது அவன் கேக் செய்யும் அடுப்பு. உரையாசிரியர்கள் மயங்கக் கூடாது.) வீட்டு அடுப்பு 260 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதால் மூன்றாம் வேக்காடு பாக்கி நின்றது.

"என்னடா தம்பி, இரும்பை வேகவைக்கிறியா? வீடே நாறுது" என்றாள் மனைவி.

"கொஞ்ச நேரம்மா."

மருமகள் மாலையில் வந்து, கதவைத் திறந்ததும், ஒன்றும் சொல்லாமல் நேராக என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்களும் கூட இருந்தீங்களா?" சாப்பாடு வேகும் அடுப்பில் இந்த வேலை ஆகாது என்பதே ஆன்றோர் முடிபு. மறுநாள் முற்றத்துக்கென்று பழைய அடுப்பு ஒன்று வாங்கப்பட்டது.

அடுத்து வால்வு கவரில் நிகழ்ந்த விபத்து. ஆரஞ்சு டப்பாவின் முதுகில் ஒரு விதி உண்டு: அடுத்த பூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லையேல் ஏழு நாள் கழித்து அடி. நடுவில் உள்ள ஆறு நாளும் இருபத்து மூன்று மணியும் ராகு காலம். மகன் பொறியியல் படித்தவன், இதை நம்பவில்லை. மூன்றாம் நாள் அடித்தான். என் கண்ணெதிரே, பால் கொதித்து அடங்கும்போது ஆடை சுருங்குமே, அப்படிப் பெயின்ட் சுருங்கியது. பழைய பூச்சு பாதி காய்ந்த நிலையில் புதுப்பூச்சின் கரைப்பான் அதற்குள் இறங்கி ஊதச் செய்துவிட்டதாம். "பஞ்சாங்கம் பார்த்துச் செய்யணும்னா கேட்டாத்தானே" என்று என் மனைவி சொன்னது, வேதியியல் நோக்கில், முழுக்கச் சரி.

இதில் வியப்பு என்னவென்றால், இப்படிச் சுருங்குவதற்கென்றே காசு கொடுத்து வாங்கும் பெயின்டும் இருக்கிறது. தாராளமாகக் குறுக்கே ஒரு பூச்சு, நெடுக்கே ஒன்று, மூலைவாட்டில் ஒன்று, பிறகு சூடு. மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் ஈரம் நிற்க, முழுப்பரப்பும் சுருக்கம் விழும். பந்தயக் கார் எஞ்சின்களில் அது பேரழகாகக் கருதப்படுகிறது. ஒரு டப்பாவில் குற்றமாவது அடுத்த டப்பாவில் குணம். எழுபதைத் தொட்ட எனக்கு இது ஒருவகை ஆறுதல்.

பயணி இருக்கைப் பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஒரு சிறு மேடையில் எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே மட்டும் மகன் உப்புத்தாளை நெருங்க விடவில்லை. ஆலை எந்திரம் சீவிய கோடுகள் அதில் தெரிய வேண்டும். தேய்த்தால் போலி என்று சந்தேகம் வரும், காரின் விலையும் போச்சு. கோயில் திருப்பணி என்று கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்தவர்களையும், மணல் பீச்சித் தேய்த்தவர்களையும் நான் அறிவேன். இந்த ஒரு விஷயத்தில் என் மகன் அவர்களைவிட மேலானவன்.

இனி இவ்வாய்வின் மையச் சிக்கல். ஃப்ளின்ட் ஆலையில் எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகுதான் ஸ்ப்ரே அடித்தார்கள். அதனால் போல்ட், கேஸ்கெட் விளிம்பு, மேனிஃபோல்டு என்று எல்லாவற்றின்மேலும் ஆரஞ்சு தெறித்தது. சில மூலைகளுக்குப் பெயின்ட் எட்டவே இல்லை. நல்லது, இப்போது வீட்டில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கழற்றி அழகாக அடிக்கலாமே? கூடாதாம். 1974-இல் தொடங்கிய தேசியக் கார்வெட் புனரமைப்பாளர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் கார் ஆலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அதற்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். முதல் வகுப்புக்கு நூற்றுக்கு 94 வேண்டும். ஆலையைவிட நேர்த்தியாக அடித்தால் மதிப்பெண் குறையும்.

நான் இதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டேன். இது பெயின்ட் அல்ல, பதிப்பியல். ஏடு பெயர்த்து எழுதியவன் அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டிருப்பான். நல்ல பதிப்பாசிரியன் அதைத் தன் அழகுக்குத் திருத்தமாட்டான். 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தது எதற்கு? மகனும் அப்படித்தான் பார்த்தான்: பழைய எஞ்சின்களின் படங்களை மடிக்கணினியில் விரித்து, தெறிப்பு எத்தனை அங்குலம், எந்தச் சாய்வு என்று. 1972-இல் ஷிப்ட் முடிகிற அவசரத்தில் எவனோ ஒரு தொழிலாளி ஒரே வீச்சில் அடித்துவிட்டுப் போனதை, இவன் அட்டையில் நான்கு முறை ஒத்திகை பார்த்தான். ஐந்தாம் முறை எஞ்சினில் அடித்தான். கை நடுங்கிற்று. ஒரு பக்கத் தெறிப்பு ஒழுங்காக விழுந்துவிட்டது என்று வருத்தப்பட்டான்.

"கொஞ்சம் அலட்சியமா அடிக்கணும்ப்பா. அது வரமாட்டேங்குது."

நாங்கள் ஊர் திரும்புவதற்கு நான்கு நாள் முன்பு எஞ்சின் காருக்குள் இறங்கியது. ஸ்டார்ட் செய்ததும் பானெட் அடியிலிருந்து புகை. மருமகள் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தாள். மேனிஃபோல்டின் மூன்றாம் வேக்காடு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் ஒத்திகை பார்த்துத் தெறிக்கவிட்ட ஆரஞ்சு, பழுப்பாகி, கறுத்து, கால் மணி நேரத்தில் உதிர்ந்துவிட்டது. ஆலையிலிருந்து வந்த கார்களிலும் ஓட்டத் தொடங்கியதும் அப்படித்தான் உதிர்ந்ததாம். மகன் அதைப் பன்னிரண்டு படம் எடுத்து வைத்திருக்கிறான்.