சுண்டைக்காய்ச் சுமைகூலி

வாய்யா பேராண்டி, உக்காரு. நியூயார்க்ல வாடகை கழுத்த நெரிக்குதுன்னு உங்க ஆத்தா பொலம்புனா. கூறுகெட்ட பயலே, எதுக்கு வாடகை கொடுக்க? உங்க ஊர்லதான் ரைக்கர்ஸ் தீவுன்னு ஒரு ஜெயில் இருக்காம்ல, அங்க போய்ப் படுத்துக்கோ. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,525 டாலர் செலவழிச்சாகளாம். வருசத்துக்கு 5,56,539. நானா அவுத்து விடல. 2021-ல அந்த நகரத்துக் கணக்கதிகாரியே வெளியிட்டது. நம்ம காசுக்கு நாலு கோடிக்கு மேல. கரிசக்காட்டுல ஏழு தலைமுறை பருத்தி வெதச்சாலும் கண்ணுல பாக்க முடியாது.

அம்புட்டும் கறிசோறுன்னு நாக்க சப்புக்கொட்டாத. பெரும்பங்கு காவக்காரன் சம்பளத்துக்குப் போவுது. அந்த 2021-ல கைதியவிட காவக்காரன் தலை அதிகம். பத்து ஆட்டுக்குப் பதினஞ்சு கீதாரி! உள்ள கெடக்கிறதுல பாதிப்பேரு மனநோய் உள்ளவுக. வைத்தியம் பாக்க வேண்டிய பிள்ளைக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்திருக்காக.

2010-ல பிராங்ஸ்ல ஒரு 16 வயசுப் பையன். தோள்பையத் திருடிட்டான்னு புடிச்சாக. ஜாமீனுக்கு 3,000 டாலர் கேட்டாக. வீட்ல புரட்ட முடியல. விசாரணையே நடக்காம மூணு வருசம் அந்த ரைக்கர்ஸ்ல வச்சாக. அதுல ரெண்டு வருசத்துக்குக் கிட்ட தனிக் கொட்டடி. உள்ள இருக்கும்போதே சாகப் பாத்திருக்கான், ஒருதடவ இல்ல. 2013-ல கேஸு நிக்காதுன்னு வெளிய விட்டாக. கொட்டடி அவன் மனச விடல. 2015-ல போயிட்டான், 22 வயசு. 2019-ல நகரம் அவன் குடும்பத்துக்கு 33 லட்சம் டாலர் கொடுத்துச்சு. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்மாளு சும்மாவா சொன்னான்? இங்க சுமைகூலி ஜாமீனப்போல ஆயிரத்து நூறு மடங்கு.

அதனால உனக்கு ஒரு யோசனை சொல்லுதேன், முடிஞ்சுவச்சுக்கோ. மனசு கலங்குன பிள்ளைக்கு டாக்டரு, மாத்திரை, ராத்திரி பக்கத்துல இருக்க ஒரு ஆளுன்னு எதுவும் ஏற்பாடு பண்ணச் சொல்லிராத. செலவு கம்மியாப் போயிரும். அப்புறம் பதினஞ்சு கீதாரி பொழப்பு என்னாவுறது?

மயாமியில ஸ்டீவ் லைஃப்மன்னு ஒரு நீதிபதி அந்தத் தப்பப் பண்ணிட்டாரு. 2000-லருந்து மனநோய் உள்ளவுகள ஜெயிலுக்குத் தள்ளாம வைத்தியத்துக்குத் திருப்பிவிட ஆரம்பிச்சாரு. அப்பேர்ப்பட்டவுககிட்ட எப்படிப் பேசணும்னு போலீசுக்கும் பாடம் நடத்துனாக. கைதாகுறவுக கொறஞ்சு, கடைசியில ஒரு ஜெயிலையே பூட்டிட்டாக. கஞ்சப்பய ஊரு!

சரி, லீவு முடிஞ்சு போனதும் ஒரு காரியம் பண்ணு. உன் வரிப்பணத்துல ஜெயிலுக்கு எம்புட்டு, மனநல வைத்தியத்துக்கு எம்புட்டுன்னு நகரசபையில எழுதிக் கேளு. கூசாத, உன் காசுதான்.