தோப்புக்குள் ஒரு கள்ளுக்கடை

1980-களின் தொடக்கத்தில், செங்கோட்டைப் பக்கம் வடகரையிலிருந்து மேக்கரை போகிற வழியில், தென்னந்தோப்புக்குள் ஒரு கள்ளுக்கடை இருந்தது. ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, வாசலில் சுண்டல் விற்கும் ஆச்சி. வயல் வேலை முடித்து வந்தவர்கள் கலயத்தைச் சுற்றி உட்கார்ந்து மழையையும் தேங்காய் விலையையும் பேசுவார்கள். தாத்தாவைக் கூப்பிட என்னைத்தான் அனுப்புவார்கள். "பேரனுக்குச் சுண்டல் குடு தாயி" என்பார், எழுந்திருக்கத்தான் நேரமாகும்.

கள் இறக்குவது லேசான வேலை இல்லை. பாளையை இறுகக் கட்டி, பக்குவமாகத் தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயம் கட்ட வேண்டும். காலையும் மாலையும் மரமேற வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட்டே சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். காலையில் இனிப்பு, சாயங்காலம் உறைப்பு, மறுநாள் புளிப்பு. ஊரில் இறக்கி ஊரிலேயே குடித்துத் தீர்க்க வேண்டிய பானம் அது. பெங்களூரில் கடைக்குள்ளேயே காய்ச்சிய பீரைப் பெருமையோடு குடிக்கிறார்கள். அந்தப் பெருமைக்கு எங்கள் மரமேறிகள் எப்போதோ உரியவர்கள்.

இங்கிலாந்தின் பப்களில் பழைய முறை ஏல் பீரைப் பெரிய கம்பெனிகளிடமிருந்து காப்பாற்ற நான்கு பேர் இயக்கம் தொடங்கியது 1971-இல். தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்ததும் அதே ஆண்டுதான். அங்கே அந்த ஏல் பிழைத்துக்கொண்டது. இங்கே கள்ளுக்கடைகள் சில ஆண்டுகளில் மூடப்பட்டு, 1981-இல் திறக்கப்பட்டு, 1987 ஜனவரி 1 முதல் சாராயத்தோடு சேர்த்துத் தடை செய்யப்பட்டன. 2003-இல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது.

கள்ளில் ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 8 சதவீதம். அரசே விற்கும் பிராந்தியில் 42.8. மென்மையானது குற்றம், கடுமையானது வருமானம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கள் வேண்டுமென்றால் புளியரை சோதனைச்சாவடி தாண்டி கேரளத்துக்குப் போகிறார்கள். அங்கே உரிமம் பெற்ற ஷாப்பில் கப்பையும் மீன்கறியும் வைத்துக் குடும்பத்தோடு சாப்பிடுகிறார்கள். 1956 நவம்பர் வரை செங்கோட்டையும் அந்தத் திருவிதாங்கூர்ச் சீமையில்தான் இருந்தது. மலை அதே மலை, தென்னையும் அதே தென்னை.

கலப்படம் நடக்கும் என்கிறார்கள். உண்மைதான், நடந்திருக்கிறது. அதற்கு மருந்து பரிசோதனை; மரத்தையே பூட்டுவதல்ல. மரமேறிகளுக்கு உரிமம் கொடுங்கள், கூட்டுறவுச் சங்கம் வழியே விற்கவிடுங்கள், மாதிரி எடுத்துச் சோதியுங்கள். மரமேறத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே செய்யுங்கள்.