மூன்றாம் ஆண்டு கெமிஸ்ட்ரி

காலை எட்டு மணிக்குச் சோழவரம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளில் எவன் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்று அறிய அடையாள அட்டையைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்த்தால் போதும். விரல் நுனி மஞ்சளாக இருந்தால் நைட்ரிக் அமிலம். கறுப்பாக இருந்தால் சில்வர் நைட்ரேட். 1962 தேர்தலிலிருந்து நம் விரலில் வைக்கிறார்களே, மைசூரில் தயாராகும் அந்த மையிலும் இதே சரக்குதான். அதனால் டீக்கடைக்காரர் விடமாட்டார். "இன்னா தம்பி, எலெக்‌ஷன் எப்போ நடந்துச்சு? சொல்லவே இல்ல?"

முதலாம் ஆண்டுக்காரன் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் கறையைப் போக்கப் பார்ப்பான். மூன்றாம் ஆண்டுக்காரன் அதை வளர்ப்பான். பேன்ட்டில் சின்னச் சின்னதாய் ஓட்டை விழுந்திருக்கும். ஃபேஷன் என்று நினைத்துவிடாதீர்கள், கந்தக அமிலத்தின் கைவேலை அது.

இவன் வேதியியல் மேல் ஆசைப்பட்டுச் சேர்ந்தவன் அல்ல. பொன்னேரிக்கும் வியாசர்பாடிக்கும் விண்ணப்பம் போட்டு, பி.காம். கேட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு, கடைசியில் கெமிஸ்ட்ரியில் இடம் இருக்கிறது என்று சொன்னதால் உட்கார்ந்தவன். வீட்டில் ஆயாவுக்கு மட்டும் பரம சந்தோஷம்.

"கெமிஸ்ட்ரி படிச்சா மெடிக்கல் ஷாப் வைக்கலாமாமே?"

"அது ஃபார்மசி ஆயா."

"எதுவோ ஒண்ணு. சுகர் மாத்திரையக் கொஞ்சம் கம்மி வெலைல வாங்கிக் குடு."

வெளியே இப்படி என்றால், கல்லூரிக்குள் பிசிக்ஸ்காரர்களின் தொல்லை வேறு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியலுக்கு நோபல் வாங்கினார் அல்லவா? அவர் இளநிலையில் படித்தது பரோடாவில், பாடம் இயற்பியல். "உங்க நோபலையும் எங்காளுதான் வாங்கணும்" என்பான் ஒருவன். இவனிடம் பதில் கிடையாது. கேன்டீனை நோக்கி நடந்துவிடுவான்.

ஆனால் சால்ட் அனாலிசிஸ் நடக்கும் நாளில் இவனைப் பார்க்க வேண்டும். தாளில் மடித்து ஒரு சிட்டிகை உப்பு கொடுப்பார்கள். அதற்குள் இரண்டு நேர் அயனி, இரண்டு எதிர் அயனி ஒளிந்திருக்கும். நீலமாக இருந்தால் தாமிரம், ரோஸாக இருந்தால் கோபால்ட், பச்சையாக இருந்தால் நிக்கல் என்று குருட்டாம்போக்கில் பிழைத்துக்கொள்ளலாம். வெள்ளையாக வந்தால் போச்சு, அது எதுவாகவும் இருக்கலாம். அப்போது இவன் கண்கள் பக்கத்து மேசைக்கும் லேப் அட்டெண்டர் அண்ணன் முகத்துக்கும் போய்ப் போய் வரும். விடை முதலில் கிடைத்துவிடும், சோதனையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அறிவியலில் இது தப்புத்தான். ஆனாலும் ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கும்.

நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையத்தில் மட்டும் ஏமாற்ற முடியாது. சோதனைக்குழாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக அமிலம் விட வேண்டும். இரண்டு திரவமும் சேரும் இடத்தில் வளையம் தெரியும். குலுக்கினால் ஓடிவிடும். அதை மூச்சுவிடாமல் ஏந்திக்கொண்டு மேடத்திடம் இவன் நடந்துபோகிற பவ்யம், நிச்சயதார்த்தத் தட்டில் வைத்த மோதிரத்துக்குக்கூடக் கிடைக்காது.

கிப் கருவியைத் திறந்த நாளில், திரும்பும் பஸ்ஸில் இவன் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டை நாற்றம். காரனோடைப் பாலம் தாண்டும்போது கண்டக்டர் ஒருமுறை எல்லோரையும் சந்தேகமாகப் பார்ப்பார். இவன் ஜன்னல் வழியே கொசஸ்தலையாற்றை ரசித்துக்கொண்டிருப்பான்.

மூன்று வருடத்தில் பாடம் எவ்வளவு ஏறியதோ தெரியாது, பேச்சு மட்டும் முழுக்க மாறிவிடும். எதையும் நேராகச் சொல்ல மாட்டான். 'இருக்கலாம்' என்பான். "அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்துச்சு மச்சான்" என்று நண்பன் உருகினால், "இது பிரிலிமினரி டெஸ்ட்தான்டா. கன்ஃபர்மேட்டரி டெஸ்ட் பண்ணாம எதுவும் சொல்ல முடியாது" என்பான். சாம்பாரில் உப்பு போதுமா என்று அம்மா கேட்டாலும் இதே பதில்தான். கரண்டி பறக்கும்.

தெருவில் இவனுக்கு ஒரு மரியாதை வந்தது, ஈடிடிஏ டைட்ரேஷன் கற்றுக்கொண்ட பருவத்தில். தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் சோதனை அது. திராட்சைச் சிவப்பு நீலமாக மாறும் கணத்தில் பியூரெட்டை மூட வேண்டும். வீட்டுக்கு வீடு பாட்டிலில் போர் தண்ணீர் கொடுத்தனுப்பினார்கள். எதிர்வீட்டு அக்காவிடம் முடிவை வாசித்தான். "லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரைக்கும்தான்கா அலவ்டு. உங்களுது அதையும் தாண்டிப் போச்சு."

"பருப்பு வேகலன்னு நான் ஆறு மாசமா சொல்லிக்கினு இருக்கேனே, அதத்தான் நீ காலேஜ் போய்ப் பாத்துட்டு வந்தியா?"

மனம் நொந்தால் ஏரிக்கரைக்குப் போவான். சோழவரம் ஏரியின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. செல்போனில் கணக்குப் போட்டு, ஏரி நிரம்பினால் ஏறக்குறைய ஒரு லட்சத்து எழுபதாயிரம் கோடி மோல் தண்ணீர் என்று கண்டுபிடித்தான். கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் அதைச் சொன்னபோது, "அதுல மீன் எவ்ளோ இருக்கும், அத்தச் சொல்லு" என்றார்.

படிப்பு முடிந்ததும் எல்லாச் சாலையும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத்தான். ஒரு இரும்பு உருக்கு ஆலையில் கியூசி கெமிஸ்ட் வேலைக்கு நேர்காணல். முந்தின இரவு முழுக்க இரும்பை எடைபோட்டு, கரைத்து, வடிகட்டி அளக்கும் முறைகளை உருப்போட்டிருந்தான். அதிகாரி லேபுக்கு அழைத்துப்போய் ஒரு இயந்திரத்தைக் காட்டினார். ஸ்பெக்ட்ரோமீட்டர். இரும்புத் துண்டை வைத்து, பொத்தானை அழுத்தினார். சடசடவென்று ஒரு பொறி. கார்பன், மாங்கனீசு, கந்தகம், பாஸ்பரஸ் எல்லாம் சதவீதத்தோடு திரையில் வந்து நின்றன. யார் முகத்தையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"புரிஞ்சுதா? இதான் வேலை. நைட் ஷிஃப்ட் வருவியா?"

"வருவேன் சார்."

"கம்பெனி வேன் கவரப்பேட்டையோட நின்னுடும். டூ வீலர் இருக்கா?"

இவன் கொஞ்சம் யோசித்தான். "இருக்கலாம் சார். அப்பாகிட்ட கன்ஃபர்ம் பண்ணிட்டுச் சொல்றேன்."