அண்ணாச்சி கடையில் ஆஃபர் உண்டா?

கேள்வி: இனிமேல் ஆன்லைனில் எதுவுமே வாங்குவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். தாங்குமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: சபதமெல்லாம் பாஞ்சாலிக்கு. உங்களுக்கு மளிகை லிஸ்ட் போதும். அரிசி, பருப்பு, செருப்பு, பல்பு, பள்ளிக்கூட நோட்டு, இவற்றை முதலில் தெருப்பக்கம் திருப்புங்கள். ஊரில் எங்குமே கிடைக்காத உதிரிபாகத்துக்குச் செல்போனைத் தொட்டால் சாமி கண்ணைக் குத்தாது.

கேள்வி: என்ன சொன்னாலும் ஆன்லைனில்தானே விலை குறைவு?
(திருச்சி வாசகி)

பதில்: சில பொருட்களுக்குக் குறைவுதான். ஆனால் அந்த '70 சதவீதத் தள்ளுபடி' எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்த கணக்கு. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு மட்டுமே. அச்சடிக்கிறவர் தாராளமாக அச்சடித்தால் தள்ளுபடியும் தாராளமாகிவிடும். அப்புறம், இலவச டெலிவரிக்காகக் கூடையில் ஒரு ஷாம்பு சேர்த்தீர்களே, அதுதான் டெலிவரிக் கட்டணம்.

கேள்வி: கடையில் செருப்பைப் போட்டுப் பார்த்து, சைஸ் தெரிந்துகொண்டு, ஆன்லைனில் ஆர்டர் போடுகிறேன். புத்திசாலித்தனம்தானே?
(வேலூர் வாசகர்)

பதில்: சந்தேகமே இல்லை. கடை வாடகை அவருக்கு, கரண்ட் பில் அவருக்கு, பத்துப் பெட்டியை இறக்கி ஏற்றிய பையனின் சம்பளமும் அவருக்கு. அந்தக் கடை மூடிய பிறகு எங்கே போய் சைஸ் பார்ப்பது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

கேள்வி: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று போர்டைக் காட்டுகிறார் எங்கள் ஊர்க் கடைக்காரர். ஆன்லைனில் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். இவரை நான் ஏன் ஆதரிக்க வேண்டும்?
(தேனி வாசகி)

பதில்: நியாயமான கோபம். ஆனால் போர்டு சட்டமாகிவிடாது. பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலமே குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தராமல் விடுவதும் அதே கணக்கில்தான் வரும். அதனால் வாங்கும்போதே பில் கேளுங்கள். "நம்ம கடைதானேம்மா, பில் எதுக்கு?" என்பார். நம்ம கடை என்பதால்தான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். கலர் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால் மட்டும் இந்தச் சட்டம் உங்களோடு வராது.

ஒவ்வொரு மே 5-ஆம் தேதியும் வணிகர் தினம் கொண்டாடுகிறார்கள். ஆன்லைன்காரர்களைத் திட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பியதும் அந்த போர்டையும் கழற்றினால் தேவலை.

கேள்வி: ஆன்லைனில் விற்பவர்களிலும் சிறு வியாபாரிகள் இருக்கிறார்களே?
(திருப்பூர் வாசகர்)

பதில்: நிறையவே இருக்கிறார்கள். அந்நிய முதலீட்டில் நடக்கும் சந்தைத் தளம் சொந்தமாகச் சரக்கு வைத்து விற்க விதி இடம் தரவில்லை. படம் காட்டுவது தளம், விற்பது வேறொருவர். அவருடைய பெயரும் முகவரியும் தளத்தில் தெரிய வேண்டும் என்று 2020-இல் விதி வந்தது. நாம்தான் படத்தையும் விலையையும் தாண்டிப் படிப்பதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை வாங்குகிறீர்களா? விற்பவர் எந்த ஊர் என்று பாருங்கள். திண்டுக்கல்லாக இருந்தால், தளத்துக்குக் கமிஷன் போகாமல் அவரிடமே வாங்க வழி உண்டா என்று விசாரியுங்கள்.

கேள்வி: தி.நகரின் பல மாடிக் கடைகளும் உள்ளூர் வியாபாரத்தில் சேர்த்தியா?
(சென்னை வாசகர்)

பதில்: உள்ளூர்தான், சிறுசு இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. முதலாளி நம்மூர்க்காரர் என்பதால் கால் வலிக்காமல் போகுமா?

கேள்வி: எங்கள் அண்ணாச்சிக்கு நான் செய்யக்கூடிய முதல் உதவி என்ன?
(கோவில்பட்டி வாசகர்)

பதில்: நோட்டில் உங்கள் பேரில் இருக்கும் பாக்கியைக் கட்டுங்கள். முதல் தேதி மளிகை ஆன்லைனில், இருபத்தைந்தாம் தேதிக் கடன் அண்ணாச்சியிடம் என்று பலர் குடும்பம் நடத்துகிறார்கள்.

கேள்வி: பத்தே நிமிடத்தில் கொத்தமல்லி வீடு தேடி வருகிறது. அண்ணாச்சியால் முடியுமா?
(மதுரை வாசகி)

பதில்: எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போக 3 நிமிடம், வர 3 நிமிடம், கட்டைப் பிரித்து அழுகல் பார்க்க 1 நிமிடம். மிச்சம் 3 நிமிடம், சென்னை அணி ஏன் தோற்றது என்று அண்ணாச்சி விளக்குவதைக் கேட்க. அதை எந்த ஆப்பிலும் 'ஸ்கிப்' செய்ய முடியாது.