அத்தான் வயிற்றுக்கு ஒரு மெக்சிகோ மூலிகை

மெக்சிகோ நகரம்,
ஜூலை மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நீ, பிள்ளைகள் எல்லாரும் நலந்தானே? அத்தானின் வயிறு எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேட்கிறேன். நம் வீட்டில் அதுவும் ஒரு ஆள் மாதிரிதானே.

மாடியில் என்ன செடி வைத்திருக்கிறேன் என்று போனில் கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் உன் வீட்டுக் குக்கர் கூப்பிட்டுவிட்டது. இப்போது விவரமாகச் சொல்கிறேன். இந்த ஊரில் மொட்டைமாடி என்றால் தண்ணீர்த் தொட்டி, காஸ் தொட்டி, துணிக்கொடி, தெருவில் போகிறவர்களை எல்லாம் திட்டும் ஒரு நாய். மிச்ச இடத்தில் பழைய பெயின்ட் டப்பாக்களில் செடிகள். என் டப்பாவில் இருப்பது எபசோத்தே. கீழ்வீட்டுப் பாட்டி கொடுத்தாள்.

அதன் வாசனையை எப்படிச் சொல்ல? மண்ணெண்ணெய், டர்பன்டைன், ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் புதினா, எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் மூக்கில் ஏறும். செடி வந்த அன்று சாயங்காலம் மாடிக்குப் போன என் வீட்டுக்காரர் "காஸ் ஒழுகுது!" என்று கத்திக்கொண்டு இறங்கி வந்தார். சோப்பு நுரை கரைத்து எடுத்துப்போய்க் குழாய் முழுக்கத் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. பாட்டி படியில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதற்கப்புறம் இவர் அந்தப் பக்கம் போவதே இல்லை.

இதைச் சாப்பிடுவார்களா என்று கேட்பாய். இங்கே இது இல்லாமல் கறுப்பு பீன்ஸ் வேகாது. அத்தானுக்கு உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு, மொச்சை மகா வாயு அல்லவா? இந்த ஊர்க்காரர்களுக்கும் அதே பயம் உண்டு. ஆனாலும் பீன்ஸை விடமாட்டார்கள், எபசோத்தேயைப் போட்டுச் சமாதானம் செய்துகொள்வார்கள். நாம் பருப்பில் பெருங்காயம் போடுகிற அதே கணக்குதான். நிஜமாகவே வாயுவை அடக்குகிறதா என்றால், பாட்டி சத்தியம் செய்கிறாள். இவர் வயிறு இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

பீன்ஸ் வேகிற கதை தனி. இந்த நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஊட்டி மாதிரி. தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மண்பானையில் பீன்ஸை ஏற்றினால் மத்தியானம் முழுக்க அடுப்பிலேதான். நான் நம் குக்கரை ஏற்றினேன். முதல் விசில் வந்ததும் எதிர்வீட்டுப் பிள்ளைகள் சில்லறையோடு வாசலுக்கு ஓடி வந்தார்கள்! இங்கே சாயங்காலம் தள்ளுவண்டியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டு விற்பவர் நீராவி விசில் ஊதிக்கொண்டு வருவார். நான் விற்கவந்தவள் இல்லை என்று புரியவைக்க எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் போதவில்லை.

பீன்ஸ் வெந்ததும் கடைசிக் கால்மணி நேரத்தில்தான் ஒரு கொத்து எபசோத்தேயைப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் வாசனை ஓடிப்போய்விடும் என்பது பாட்டியின் கட்டளை. இன்னொன்றும் உண்டு. நாம் மார்கழியில் கோலத்து நடுவில் வைக்கிற பரங்கிப்பூவை இங்கே இரண்டு இளம் எபசோத்தே இலையோடு சோள ரொட்டிக்குள் வைத்து மடித்துச் சுட்டுத் தருகிறார்கள். அதற்குக் கேசடியா என்று பெயர். தெருக்கடையில் சீஸ் போடவா வேண்டாமா என்று கேட்பார்கள். சீஸ் இல்லாமல் கேசடியாவா என்று வெளியூர்க்காரர்கள் தலைநகரத்துக்காரர்களோடு ஓயாமல் சண்டை போடுகிறார்கள். நான் அதில் தலையிடுவதில்லை. கோலத்துப் பூவைச் சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே.

வளர்ப்பதற்கு வருவோம். நீ ரோஜாவுக்குச் செய்கிற உபசாரம் எதுவும் இதற்கு வேண்டாம். விதை கசகசாவைவிடப் பொடி. மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலே தூவி லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண். மண் காய்ந்தபிறகு தண்ணீர். சத்தில்லாத மண்ணிலும் கோபித்துக்கொள்ளாது. விட்டால் இடுப்புயரம் ஒல்லியாக வளர்ந்து நிற்கும். நுனியை அடிக்கடி கிள்ளினால் புதராகும். பனி கொட்டினால் கருகிவிடும். அப்பாடா என்று நினைப்போம், அடுத்த மழைக்கு உதிர்ந்த விதையிலிருந்து வரும்.

அதுதான் இதன் குணமே. வளர்ப்பது வேலையில்லை, அடக்குவதுதான் வேலை. பூக்கதிர் விதையாவதற்கு முன்னே வெட்டாவிட்டால் அடுத்த டப்பாவில் வரும், தண்ணீர் வடிகிற ஓட்டையில் வரும், சுவர் விரிசலில் வரும். என் கொத்தமல்லித் தொட்டியில் இப்போது கொத்தமல்லியைத் தேட வேண்டியிருக்கிறது.

விதை அனுப்பச் சொல்வாய் என்று தெரியும். மாட்டேன். அனுமதி இல்லாமல் விதையைத் தபாலில் அனுப்பினால் நம் சுங்கத்தில் மாட்டுவோம் என்பது ஒரு காரணம். உன் கஷாயப் பைத்தியம் பெரிய காரணம். இந்தச் செடியின் எண்ணெயில் அஸ்கரிடோல் என்று ஒரு பொருள் இருக்கிறது, வயிற்றுப் புழுவைக் கொல்லும். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து நம் ஜனங்களுக்குக் கொக்கிப்புழுவுக்காக இந்த எண்ணெயைத்தான் கொடுத்தார்கள். அளவு கொஞ்சம் மிஞ்சினால் புழுவோடு ஆளும் போகலாம், அதனால் பிற்பாடு வேறு மருந்துகளுக்குப் போய்விட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. சமையலுக்கு ஒரு கொத்து பரவாயில்லை. நீ ஒரு கொத்தோடு நிறுத்துகிற ஆளா? கைப்பிடி இலையை நசுக்கி, சாறெடுத்து, விடியற்காலையில் வெறும் வயிற்றில் அத்தானுக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவாய்.

அத்தானுக்குப் பெருங்காயமே போதும். சொல்லும்போதே ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு இவர் சிநேகிதர் ஒருவர் ஊருக்கு வருகிறார். திரும்பும்போது அவரிடம் கட்டிப் பெருங்காயம் கொடுத்துவிடு. தூள் வேண்டாம். மூன்று கவருக்குள் போட்டு இறுக்கிக் கட்டு. போன தடவை வந்தவரின் சட்டையெல்லாம் சாம்பார் வாசனை அடித்ததால் அவர் மனைவி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை