அஷ்வினா, வெங்கட்டா?

கேள்வி: கல்வராயன் மலைக்கு ஏறும் பஸ்ஸில் எங்களுக்குள் ஒரே சண்டை. ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் அடுத்து நுழைய வேண்டிய நம்மூர்க்காரர் அஷ்வினா, வெங்கட்ராகவனா?

– வாசகர், கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: வெங்கட்தான், சந்தேகமே வேண்டாம். அஷ்வின் 537 டெஸ்ட் விக்கெட்டோடு 2024 டிசம்பரில்தான் விடைபெற்றார். சர்வதேச ஓய்வுக்குப் பின் ஐந்தாண்டு கழிய வேண்டும் என்பது விதி. அவர் நேரம் வரும். வெங்கட்டோ எண்பதைத் தொட்டுவிட்டார்.

‘வெறும் 156 விக்கெட்தானே?’ என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்பார். 1965-ல், 19 வயதில், டெல்லி டெஸ்டில் நியூசிலாந்தின் 12 விக்கெட்டைச் சாய்த்தவர் இவர். பேட்ஸ்மேனை ஒட்டி நின்று, ஹெல்மெட் இல்லாத காலத்தில் கேட்ச் பிடித்தவர். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியக் கேப்டன். பிறகு நடுவராக 73 டெஸ்ட், ஆடியதோ 57! ஆட்டத்தை இரு பக்கமும் நின்று இப்படிக் காத்தவர்கள் உலகிலேயே அபூர்வம். விக்கெட்டை மட்டும் எண்ணினால் இது எப்படித் தெரியும்?

வெங்கட்டும் இடம்பெற்ற இந்தியாவின் சுழற்பந்து நால்வரில் பேடிக்கு 2009-லேயே ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. அதே நால்வரில் ஒருவரான, 242 விக்கெட் எடுத்த சந்திரசேகருக்காகவும் அந்த பஸ்ஸில் யாராவது குரல் கொடுங்கள். நான் உங்கள் கட்சி.