மூக்கில்லாத கவிஞர்

டப்ளினின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் கவிஞர் யேட்ஸுக்கு ஒரு வெண்கல நினைவுச் சிற்பம் உண்டு. ஹென்றி மூர் செய்தது, 1967-இல் வைத்தார்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடாதீர்கள், மூக்கே கிடையாது. இந்த உருவம் மூருக்குத் தோன்றியது ஒரு பறவை எலும்பைப் பார்த்து. யேட்ஸோ நோபல் வாங்கியவர், செனட்டர், நாட்டின் புது நாணயங்களுக்கு வடிவம் தேர்ந்த குழுவின் தலைவர். அவருக்குக் கிடைத்தது எலும்பு. இதே உருவம் இன்னும் பெரிதாக லண்டன் கிரீனிச் பூங்காவிலும் நிற்கிறது. அங்கே அது யாரும் இல்லை. டப்ளினில் மட்டும் யேட்ஸ்.

அதே டப்ளின் பூங்காவிலேயே நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு ஒழுங்கான முகத்தோடு சிலை வைத்திருக்கிறார்கள். எழுத்துதான் புரியவில்லை, ஆளாவது புரியட்டும் என்ற நல்லெண்ணமாக இருக்கும்.